இயேசுவால் பாவம் செய்திருக்க முடியுமா? ஒரு ‘முடியாது’க்குள் இருக்கும் இரண்டு ‘முடியாது’கள்

இயேசு பாவம் செய்தாரா என்று கேட்டால் சென்னையில் எந்த ஆலயத்துக்குள் நுழைந்தாலும் ஒரே பதில்தான் வரும்: இல்லை. சாந்தோம் பேராலயத்தில் கேட்டாலும் சரி, எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கர்க்கில் கேட்டாலும் சரி, ஏதோ ஒரு தெருவில் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு நடக்கும் பெந்தெகொஸ்தே சபையில் கேட்டாலும் சரி, அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, "செய்திருக்க முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திவிட்டு யோசிப்பார்.

நான் பெரம்பூர் பக்கம் எங்கள் சபையில் திடப்படுத்தல் வகுப்பு எடுக்கிறேன், பிள்ளைகள் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே அறிக்கையிடத் தயாராகிற வகுப்பு அது. இந்த வருஷம் லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலத்தில், இயேசு வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட பகுதியை மத்தேயு 4ஆம் அதிகாரத்திலிருந்து வாசித்து முடித்ததும் பத்தாவது படிக்கிற ஒரு பையன் கேட்டான்: "அக்கா, அவரு கடவுள்தானே, எப்படியும் தோக்க மாட்டாரு. அப்புறம் சாத்தான் வந்து சோதிச்சது எதுக்கு? ரிசல்ட் முன்னாடியே தெரிஞ்ச மேட்ச் மாதிரி இருக்கே." அவன் கேலிக்காகக் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தேர்வு நேரத்தில் அவனுக்கு என்னென்ன சோதனைகள் இருந்ததோ, அதில் இயேசு தனக்குத் துணையா இல்லையா என்று தெரிந்துகொள்ள விரும்பினான். அன்றைக்குப் பத்து நிமிஷத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி அவனுக்கு மட்டும் வந்ததல்ல, சபை பல நூற்றாண்டுகளாக இதோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

முதலில் எல்லோரும் ஒத்துக்கொள்வதைச் சொல்லிவிடுகிறேன். பவுல் அவரைப் "பாவம் அறியாத" ஒருவர் என்கிறார் (2 கொரிந்தியர் 5:21). கூடவே மூன்று வருஷம் சாப்பிட்டுத் தூங்கி நடந்த பேதுரு "அவர் பாவஞ்செய்யவில்லை" என்கிறார் (1 பேதுரு 2:22), ஒருவரைப் பற்றி அவர் கூடவே இருந்தவர் இப்படிச் சொல்வது சாதாரண விஷயம் இல்லை. எபிரெயர் 4:15 இன்னும் ஒரு படி மேலே போய் "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்று அவரை அழைக்கிறது. ஆக, சோதனையும் உண்மை, பாவமில்லாமையும் உண்மை. இந்த இரண்டில் எதைக் கைவிட்டாலும் அது கிறிஸ்தவ விசுவாசம் ஆகாது.

சண்டை இதற்கு அடுத்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவர் பாவம் செய்யாமல் இருக்க முடிந்தவரா, இல்லை, பாவம் செய்யவே முடியாதவரா? கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். முதலாவதில் கதவு திறந்திருக்கிறது, அவர் உள்ளே போகவில்லை. இரண்டாவதில் அந்தக் கதவே இல்லை. லத்தீன் இறையியலில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொற்றொடர்கள் உண்டு: முன்னது ‘போஸ்ஸே நோன் பெக்காரே’, பின்னது ‘நோன் போஸ்ஸே பெக்காரே’. ‘நோன்’ என்கிற அந்த மறுப்புச் சொல் எந்த இடத்தில் உட்காருகிறது என்பதுதான் வித்தியாசம்.

முதல் கட்சிக்காரர்களில் பெரிய பெயர் சார்லஸ் ஹாட்ஜ், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் 19ஆம் நூற்றாண்டில் இறையியல் கற்பித்தவர். அவருடைய வாதம் நம் வகுப்புப் பையனின் கேள்விதான், கொஞ்சம் ஒழுங்காக அடுக்கப்பட்டது. சோதனை என்றாலே விழக்கூடிய வாய்ப்பு இருக்க வேண்டும், அந்த வாய்ப்பே இல்லையென்றால் சோதனை உண்மையானது அல்ல, உண்மையாகச் சோதிக்கப்படாதவர் நம் வேதனையை உணர்ந்து இரங்கவும் முடியாது. ஹாட்ஜ் இயேசுவைக் குறைத்துப் பேச வந்தவர் இல்லை. அவர் பாவம் செய்யவில்லை என்பதில் ஹாட்ஜுக்குத் துளி சந்தேகமும் கிடையாது. அவருடைய கவலை வேறு: இயேசு மனிதனாக நடித்தார் என்று ஆகிவிடக் கூடாதே என்கிற கவலை.

அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. குறிப்பாகத் தமிழர்களான நமக்கு அது புரிய வேண்டும். கடவுள் வேடம் பூண்டு வந்து அடியவரோடு விளையாடுவதும், விறகு விற்பதும், பிட்டுக்கு மண் சுமப்பதும் நம் மண்ணில் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதைகள். அதே கண்ணோடு சுவிசேஷத்தை வாசித்தால் வனாந்தரக் காட்சியும் ஒரு திருவிளையாடல் மாதிரியே தெரியும். கிறிஸ்தவம் சொல்வது அது இல்லை. "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று யோவான் எழுதும்போது, போட்டுக் கழற்றுகிற வேடத்தைப் பற்றி அவர் பேசவில்லை. இயேசு மனிதர்போலத் தோன்றினார், அவ்வளவுதான் என்று சொன்னவர்கள் ஆரம்ப நாட்களிலேயே இருந்தார்கள், சபை அந்தப் போதனையை மறுத்தது.

இருந்தாலும் நான் இரண்டாவது கட்சி. கத்தோலிக்கர், கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ், சீர்திருத்த சபைகளில் பெரும்பாலான இறையியலாளர்கள் எல்லாம் நிற்கிற பக்கம் அதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

சோதனை என்கிற சொல்லையே எடுத்துக்கொள்வோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் ‘பெய்ராட்ஸோ’ என்று ஒரு வினைச்சொல், அதற்குப் பரீட்சித்துப் பார்ப்பது என்றும் பொருள் உண்டு, பாவத்துக்கு இழுப்பது என்றும் பொருள் உண்டு. அதிர்ஷ்டவசமாகத் தமிழில் ‘சோதனை’யும் அப்படியே இரண்டையும் தாங்குகிறது. ரத்தப் பரிசோதனையும் சோதனைதான், "என்னடா இது சோதனை" என்று தலையில் கை வைப்பதும் சோதனைதான். தி.நகரில் நகைக் கடையில் பழைய வளையலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சொக்கத் தங்கம் உரைகல்லில் தோற்காது, தோற்க வழியே இல்லை. அதற்காக உரைத்தது பொய்யாகிவிடுமா? கல்லில் கோடு விழுந்தது நிஜம், உராய்ந்தது நிஜம். என்ன தங்கம் என்பது அந்த உராய்வில்தான் எல்லோருக்கும் தெரிய வருகிறது. விழ முடியாதவரையும் உண்மையாகவே சோதிக்கலாம் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த உதாரணத்தில் ஒரு ஓட்டை உண்டு, பையன்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்: தங்கத்துக்கு வலிக்காது. இயேசுவுக்கு வலித்ததா?

லெந்து நாட்களில் உபவாசம் இருந்து பார்த்தவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். காலை பத்து மணிக்கே பக்கத்துத் தெரு டீக்கடையில் பஜ்ஜி வாசனைக்கு மனம் இளகி உபவாசத்தை முறித்துவிட்டவருக்குப் பசியைப் பற்றி என்ன தெரியும்? பத்து மணிப் பசி மட்டும் தெரியும். சாயங்காலம் நாலு மணிக்குக் கை நடுங்கி, தலை லேசாகச் சுற்றி, சின்னச் சத்தத்துக்கும் எரிச்சல் வருகிற அந்தப் பசி, கடைசிவரை முறிக்காதவருக்கு மட்டுமே தெரிந்தது. விழுந்தவருக்குச் சோதனை விழுந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. விழாதவருக்கு அது கடைசிச் சொட்டுவரை நீள்கிறது. நாற்பது நாள் இரவும் பகலும் உபவாசமிருந்தபின் "அவருக்குப் பசியுண்டாயிற்று" என்று மத்தேயு எழுதுகிறார். அதனால் "அவருக்கு என்ன, அவர் விழமாட்டார், அவருக்குச் சுலபம்" என்பது தலைகீழான கணக்கு. விழாமல் நின்றவர்தான் முழுப் பாரத்தையும் சுமந்தவர். எபிரெயர் நிருபம் அவர் "சோதிக்கப்பட்டுப் பாடுபட்டதினாலே" நமக்கு உதவ வல்லவர் என்று சொல்லும்போது (2:18) அந்தப் ‘பாடுபட்டதினாலே’யைத் தாண்டிக் குதித்து வாசித்துவிடக் கூடாது.

சரி, விழ முடியாது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும், ஏனென்றால் 451இல் கல்செதோனில் கூடிய சங்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. இன்றைய இஸ்தான்புல் நகரத்துக்குள் அடங்கிப்போன ஊர் அது. அங்கே கூடிய ஆயர்கள், இயேசு கிறிஸ்து ஒரே ஆள், அவருக்கு முழுமையான தெய்வ இயல்பும் முழுமையான மனித இயல்பும் உண்டு, இரண்டும் கலந்து குழம்பவும் இல்லை, பிரிந்து நிற்கவும் இல்லை என்று அறிக்கையிட்டார்கள். பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் நமக்கு ஒப்பானவர் என்பதையும் அதிலேயே சொன்னார்கள். (நம் ஊரிலேயே மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சிரியன் சபையினர் இருக்கிறார்கள், அவர்கள் கல்செதோன் சங்கத்தை ஏற்காத மரபைச் சேர்ந்தவர்கள். இயல்புகளைப் பற்றி அவர்கள் பேசும் விதம் வேறு. ஆனால் இயேசு பாவமற்றவர் என்பதில் அவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.)

இதிலிருந்து என்ன கிடைக்கிறது? பாவம் செய்வது ஓர் ஆள். இயல்பு பாவம் செய்வதில்லை. நான் பொய் சொன்னால் "என் மனித இயல்பு பொய் சொன்னது" என்று யாரும் சொல்வதில்லை, "நீ பொய் சொன்னாய்" என்றுதான் சொல்வார்கள். இயேசு என்கிற அந்த ஆள் யார்? நித்திய குமாரன், பிதா, குமாரன், ஆவியானவர் என்கிற திரித்துவத்தில் இரண்டாமவர். அப்படியானால் இயேசு பாவம் செய்திருந்தால் பாவம் செய்தவர் கடவுளே என்று ஆகிறது. "தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல" என்கிறது யாக்கோபு 1:13. அந்த மனித இயல்பை மட்டும் தனியாகப் பிரித்து மேஜைமேல் வைத்துப் பார்த்தால், ஆதாமுக்கு இருந்த மாதிரி அதற்கும் விழும் வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். ஆனால் அது ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருந்ததில்லை.

ஹாட்ஜின் காலத்திலேயே வாழ்ந்த வில்லியம் ஷெட் என்ற இறையியலாளர், ஹாட்ஜைப் போலவே அவரும் பிரஸ்பிட்டேரியன் சபைக்காரர்தான், இதற்கு ஓர் உதாரணம் சொன்னார்: தனியாக இருக்கும் இரும்புக் கம்பியைக் கையால் வளைக்கலாம், அதையே ஒரு பெரிய இரும்புத் தண்டோடு பற்றவைத்துவிட்டால் வளைக்க முடியாது. அழகான உதாரணம்தான், ஆனால் நான் வகுப்பில் இதோடு நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மனித இயல்பு அங்கே ஒன்றுமே செய்யாமல் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள். சுவிசேஷத்தை வாசித்தால் அப்படி இல்லை. சாத்தான் மூன்று தடவை வந்தபோதும் இயேசு இடியையோ மின்னலையோ அழைக்கவில்லை. மூன்று தடவையும் பழைய ஏற்பாட்டு உபாகமத்திலிருந்து வசனம் சொன்னார், சின்ன வயதில் எந்த யூதப் பிள்ளையும் மனப்பாடம் செய்யக்கூடிய வசனங்கள். ஜெபம், வசனம், ஆவியானவர்மேல் சார்ந்திருப்பது. நமக்குக் கையில் இருக்கிற அதே ஆயுதங்கள்தான் அவர் கையிலும் இருந்தன.

அந்த மனித மனம் சும்மா இல்லை என்பதற்காகவே ஒருவர் உயிரை விட்டார். ஏழாம் நூற்றாண்டில், இயேசுவுக்குத் தெய்வ சித்தம் ஒன்றுதான், மனித சித்தம் என்று தனியாக இல்லை என்று ஒரு போதனை பைசாந்தியப் பேரரசின் ஆதரவோடு பரவியது. மாக்சிமுஸ் என்கிற துறவி எதிர்த்தார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்று ஜெபித்தவருக்கு மனித சித்தமே இல்லையென்றால் அந்த ஜெபத்துக்கு என்ன அர்த்தம்? மனித சித்தத்தை அவர் ஏற்கவில்லையென்றால் நம் சித்தத்தை அவர் எப்படிக் குணமாக்குவார்? விசாரணைக்குப் பிறகு, எண்பது வயதை ஒட்டிய அந்த மனிதரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி நாடுகடத்தினார்கள், 662இல் இறந்துபோனார். அடுத்த இருபது வருஷத்துக்குள், 680-681இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம், கிறிஸ்துவுக்கு இரண்டு சித்தங்கள் உண்டு, மனித சித்தம் தெய்வ சித்தத்தை எதிர்க்காமல் அதற்குக் கீழ்ப்படிகிறது என்று தீர்ப்புச் சொன்னது. இந்த இடத்தில் எனக்கு எப்போதும் நெஞ்சு கனக்கும். நாம் திடப்படுத்தல் வகுப்பில் ஒரு வரியில் கடந்துபோகிற உண்மைக்கு ஒரு கிழவர் கொடுத்த விலை அது.

கெத்செமனேயில் இன்னொன்றும் தெரிகிறது. சாவைக் கண்டு உடம்பு பின்வாங்குவது பாவம் இல்லை. பசி பாவம் இல்லை. பயம், களைப்பு, தனிமை, கண்ணீர் எதுவும் பாவம் இல்லை. "சுய இச்சையினாலே இழுக்கப்பட்டு" என்று யாக்கோபு 1:14 சொல்கிற உள்ளுக்குள் இருக்கிற அந்தக் கோணல், நமக்கு இருக்கிறது, அவருக்கு இல்லை என்பதே சபையின் பொதுவான போதனை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் இர்விங் என்ற போதகர், இயேசு விழுந்துபோன மனித இயல்பையே எடுத்தார் என்று கற்பித்ததால் 1833இல் ஊழியத்திலிருந்து நீக்கப்பட்டார். அவரும் இயேசு பாவம் செய்தார் என்று சொல்லவில்லை, ஆனாலும் சபை அந்த வார்த்தையைத் தாங்கவில்லை. அந்த உள் கோணல் இல்லாதவரைச் சோதிக்க முடியுமா என்றால், ஏதேனில் ஆதாமுக்கும் அது இல்லைதானே, அவனும் சோதிக்கப்பட்டானே.

"அப்படின்னா அவர் முழு மனுஷன் இல்லையே அக்கா, தப்பு பண்ற சான்ஸ் இருந்தாதானே மனுஷன்?" இது அடுத்த வாரம் வந்த கேள்வி, வேறொரு பிள்ளை கேட்டாள். இதற்கு ஆதிச் சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்டின் 1,600 வருஷத்துக்கு முன்பே பதில் யோசித்துவிட்டார். ஆதாமுக்குக் கொடுக்கப்பட்ட சுதந்திரம், பாவம் செய்யாமல் இருக்க முடிவது. பரலோகத்தில் பரிசுத்தவான்களுக்குக் கிடைக்கப்போகிற சுதந்திரம், பாவம் செய்யவே முடியாமல் இருப்பது, அது முதலாவதைவிடப் பெரிய சுதந்திரம் என்றார் அவர். செத்துப்போன உங்கள் பாட்டி கர்த்தரோடு இருக்கிறார் என்று நம்புகிறீர்கள் அல்லவா? அவரால் இனிப் பாவம் செய்ய முடியாது என்றும் நம்புகிறீர்கள். அதனால் பாட்டி மனுஷி இல்லாமல் போய்விட்டாரா? இப்போதுதான் முழு மனுஷி என்று சொல்வோம். பாவம் நம் மனிதத்தன்மையின் ஒரு பாகம் இல்லை, அதில் விழுந்த விரிசல். விரிசல் இல்லாத பானையைப் பார்த்து இது பானையே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

இத்தனைக்கும் மேலே எனக்கு இந்த விஷயம் உண்மையில் விளங்கியது ஒரு தமிழ்ச் சொல்லில்தான். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் அப்பாவைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், ஓர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எழுதியவர் கையெழுத்திட்டதை அப்பா பார்க்கவில்லை. பார்த்ததாகப் போட வேண்டும், அவ்வளவுதான். அப்பா சொன்னது ஒரே வார்த்தை: "என்னால முடியாதுப்பா." பேனா அவர் சட்டைப் பையில் இருந்தது. கை நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடவும் தெரியும். அப்புறம் என்ன ‘முடியாது’? பத்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்க என்னால் முடியாது என்று பாட்டி சொல்கிற முடியாது வேறு, இது வேறு. முன்னது பலவீனத்தின் முடியாது. பின்னது பலத்தின் முடியாது. அவர் யார் என்பதிலிருந்து அது வருகிறது.

பவுல் 2 தீமோத்தேயு 2:13இல் கடவுளைப் பற்றி எழுதும்போது கிரேக்கத்தில் அவர் தம்மைத்தாம் மறுதலிக்க ‘முடியாது’ என்றுதான் இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் அதை "மறுதலிக்கமாட்டார்" என்று போட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்களுக்கு அந்த இடத்தில் முடியாதும் மாட்டாரும் ஒன்றுதான் என்று பட்டிருக்கிறது, அது சரியென்றே நினைக்கிறேன். இயேசுவால் பாவம் செய்ய முடியாது என்று நாம் சொல்லும்போது அவருக்கு ஏதோ ஒரு திறமை குறைவு என்று சொல்லவில்லை. பாவம் செய்வது ஒரு திறமையே இல்லை. யாரும் அவர் கையைக் கட்டிப்போடவில்லை. தெய்வ அன்பும் முழுமையான மனிதக் கீழ்ப்படிதலும் சேர்ந்த அந்த ஆள், பிதாவுக்கு எதிராகத் திரும்பமாட்டார், அதனால் திரும்ப முடியாது.

ஹாட்ஜோடு உடன்படுகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள், நல்ல விசுவாசிகள், அவர்களை யாரும் பதிதர் என்று அழைக்க வேண்டியதில்லை. அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: இயேசு இன்றைக்கும் மனிதர்தானே, உயிர்த்தெழுந்த உடலோடு பிதாவின் வலதுபாரிசத்தில் இருக்கிறார். விழும் வாய்ப்பு மனிதத்தன்மைக்குக் கட்டாயம் என்றால் இன்றைக்கும் அந்த வாய்ப்பு இருக்கிறது என்றல்லவா ஆகும்? இதற்கு மட்டும் எனக்கு இன்னும் திருப்தியான பதில் யாரும் சொல்லவில்லை.

வகுப்பில் கடைசியாக நாங்கள் வாசித்தது மத்தேயு 27. வனாந்தரத்தை விட்டுப் போகும்போது பிசாசு "சிலகாலம்" தான் விலகினான் என்று லூக்கா எழுதியிருக்கிறார், அப்படியென்றால் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தது எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொன்னேன். வனாந்தரத்தில் "நீர் தேவனுடைய குமாரனேயானால்" என்று கேட்ட அதே பேச்சு, சிலுவைக்குக் கீழே போகிறவர் வருகிறவர் வாயிலிருந்து வருகிறது: நீ தேவனுடைய குமாரனானால் இறங்கி வா. அதற்கு அடுத்து ஆசாரியர்கள் சொல்வதை அந்தப் பத்தாம் வகுப்புப் பையனையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். "மற்றவர்களை இரட்சித்தான், தன்னைத்தான் இரட்சித்துக்கொள்ளத் திராணியில்லை." வாசித்துவிட்டு, முந்தின அதிகாரத்துக்குத் திருப்பி, பன்னிரண்டு லேகியோனுக்கு (லேகியோன் என்றால் ஆயிரக்கணக்கானோர் கொண்ட ரோமப் படைப்பிரிவு) அதிகமான தூதரை என் பிதா அனுப்பமாட்டாரா என்று இயேசு பேதுருவிடம் சொன்ன இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, அவன் சொன்னான்: "இது உங்க அப்பா சொன்ன முடியாது, அக்கா."